நாற்பத்தொன்றில் பதினேழு

அம்பு பட்டு ஓடிய மானைத் தேடித் தரச் சொல்லிப் போன் வந்தால் ஆர்லிஸ் லூண்ட் மூன்று கேள்விதான் கேட்பாள். எத்தனை மணிக்கு அடிச்சே? அம்பு கெடைச்சுதா? மோந்து பாத்தியா?

முதல் இரண்டுக்கும் பதில் டக்கென்று வரும். மூன்றாவதற்கு எதிர்முனையில் இருமல் வரும். செப்டம்பர் நடுவில் வில் வேட்டை தொடங்கினால் ஜனவரி வரைக்கும் விஸ்கான்சினின் அந்த மூலையில் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். கட்டைக் குரலானாலும் கீச்சுக் குரலானாலும் வரி மாறாது: "பதினஞ்சு கெஜந்தான், மிசஸ் லூண்ட். அசையாம நின்னுச்சு. தோளுக்குப் பின்னாடி, கரெக்டா நெஞ்சுல." நெஞ்சில் அம்பு வாங்கிய மான் நூறு கெஜம் போவதற்குள் விழுந்துவிடும். விழுந்திருந்தால் இவன் எதற்குப் போன் பண்ணப் போகிறான்? அதை அவள் கேட்க மாட்டாள். மோந்து பார் என்று மட்டும் சொல்வாள். அம்பில் சாணி நாற்றம் அடித்தால் அது குடல். குடலில் பட்ட மான் உடனே சாகாது. பக்கத்துப் புதரில் போய்ப் படுத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் படுத்த இடத்திலேயே முடிந்துவிடும். தேடிக்கொண்டு போனால் எழுந்து ஓடும். ஓடினால் எங்கே நிற்குமென்று யாருக்கும் தெரியாது. ஆகவே பன்னிரண்டு மணி நேரம் யாரும் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அதுதான் அவள் சட்டம்.

"பன்னெண்டா?" என்பார்கள், பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைக்காத அதே குரலில்.

அந்தக் குரல்கள் அவளுக்குப் பழக்கமானவைதான். தாடியும் பூட்ஸுமாக நிற்கும் இந்த ஆட்களில் பாதிப் பேரை அவள்தான் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனாள். இருபத்தாறு வருஷமாக ஒரே ரூட்டு, ஒரே மஞ்சள் பஸ். பாதி வருஷங்களுக்குக் கதவைத் திறந்து மூடக் கையால் இழுக்கும் இரும்புத் தண்டுதான் இருந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை இழுப்பாள். நாற்பத்துநான்கு பிள்ளைகளின் கூச்சலைக் காதில் வாங்கி வாங்கி, சனிக்கிழமையாவது வாய் திறக்காத இடம் ஒன்று வேண்டுமென்று முப்பது வயதில் வில்லை எடுத்தாள். மரத்தில் பரண் கட்டி ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். மான் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. நாய் அப்புறம் வந்தது. ஓட்டோ, ஒரு முழ நீளம், அரை முழ உயரம், ஊரிலேயே குட்டையான கால். முன்னே விட்டு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டால், முந்தின நாள் விழுந்த ரத்தச் சொட்டைக்கூட இலைக்கடியில் கண்டுபிடிக்கும்.

ஒரு பைசா வாங்க மாட்டாள். ஒரு பேச்சும் வெளியே போகாது. யார் எங்கே அடித்தான், கிடைத்ததா இல்லையா என்று அவளிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியாது. அதனால்தான் அவளுக்குப் போன் வந்தது. போன வேட்டைக் காலத்தில் நாற்பத்தொரு தடவை வந்தது. பதினேழு மான் கிடைத்தது. மிச்சம் இருபத்துநான்கும் எங்கேயோ கிடந்து செத்தன, அல்லது சாகாமல் கிடந்தன. அது அவளுக்கும் ஓட்டோவுக்கும் மட்டும் தெரியும்.

நாற்பத்திரண்டாவது ஒன்றும் இருந்தது. அதற்கு யாரும் போன் பண்ணவில்லை.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை, காலை ஏழே கால். எட்டுக் கிளைக் கொம்போடு ஓர் ஆண் மான் ஓக் மரத்தடிக்கு வந்து நின்றது. இருபத்துநாலு கெஜம். இரண்டு வருஷமாகவே அவளுக்கு வலது தோளில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தது. வில்லின் இழுவையைக் குறைத்து வைத்திருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு இழுத்துப் பிடித்தபடி, மான் இன்னும் அரை அடி திரும்பட்டும் என்று காத்தாள். தோள் காத்திருக்கவில்லை. கை நடுங்கி விரல் விட்டது, அதே நொடியில் மானும் ஓர் எட்டு முன்னால் வைத்தது. முதுகை வளைத்துக்கொண்டு, ஓடாமல், வயிற்றுவலிக்காரனைப் போல நடந்தே போனது. அந்த நடையை அவள் போனில் எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறாள்!

இறங்கி வந்து அம்பை எடுத்தாள். மோந்து பார்க்கத் தேவையே இல்லை. குடலில் கிடந்த தழைச் சாறு பட்டு அம்பு பச்சையாக இருந்தது.

வேறு யாராவதாக இருந்தால், வீட்டுக்குப் போய்க் காபி குடி, சாயங்காலம் ஏழு மணிக்கு வர்றேன் என்றிருப்பாள். தனக்கென்று வந்தபோது வேறு மாதிரி தோன்றியது. மேற்கே மேகம் கட்டியிருந்தது, மழை வந்தால் ரத்தம் கழுவிப் போய்விடும் என்று சொல்லிக்கொண்டாள். குடல் இல்லை, ஈரலாகத்தான் இருக்கும், ஈரலென்றால் நாலு மணி நேரம் போதும் என்று சொல்லிக்கொண்டாள். கடைசியில் நாலு மணி நேரமும் இருக்கவில்லை. ஒரு மணி நேரம் ஐந்து நிமிஷம். பன்னிரண்டு என்று அவள் சொல்லும்போதெல்லாம் மற்றவர்கள் சொன்ன எல்லாச் சாக்கும் வரிசை மாறாமல் அவள் வாயில் வந்தது.

அறுபது கெஜம் போயிருப்பாள். புதருக்குள் படுத்திருந்த மான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. எழுந்து ஓடையைத் தாண்டிக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் போயிற்று.

அந்தப் பக்கம் கோனி மெர்ட்ஸின் நிலம். மில்வாக்கியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்று வந்தவள். நாற்பது அடிக்கு ஒரு பலகை: வேட்டைக்காரர் நுழையக் கூடாது. அடிபட்ட மானே போனாலும் நிலத்துக்காரரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாதென்பது சட்டம். போய்க் கதவைத் தட்ட வேண்டும். தட்டி, என் அம்பு உங்க பக்கம் வந்திருக்கு என்று சொல்ல வேண்டும். ஆர்லிஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை வந்தது. வீட்டுக்குப் போனாள்.

"எதாவது?" என்றான் வெர்ன். அவள் புருஷன், பேச்சைக் காப்பாற்றி வைத்துக்கொள்கிற ஆள். மாட்டுப் பண்ணையை விற்ற பிறகு மீன் பிடிப்பதோடு சரி, வில்லைத் தொட்டதில்லை.

"ஒண்ணும் வரல" என்றாள் ஆர்லிஸ்.

ஒன்பது நாள் கழித்துக் கோனி அம்மா தன் குளத்தில் அது செத்துக் கிடப்பதைக் கண்டாள். குடல் எரிகிற மிருகம் தண்ணீரைத் தேடித்தான் போகும். அந்தம்மா எடுத்த படங்கள் தீவனக் கடைப் பலகையில், நூலகத்தில், மாவட்டப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் எல்லாம் வந்தன. ஏப்ரல் இரண்டாவது திங்கட்கிழமை பள்ளிக்கூட உள்ளரங்கில் வருஷாவருஷம் மீன், மான், காடு பற்றி ஊர் கூடி ஓட்டுப் போடும் கூட்டம் ஒன்று உண்டு. அந்த ஓட்டு நேரடியாகச் சட்டமாகாது. ஆனால் மேலே இருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள். அந்த வருஷத்து ஓட்டுக் காகிதத்தில் இரண்டு கேள்விகள் ஏறின. ஒன்று கோனி அம்மாவுடையது: வில் வேட்டையையே நிறுத்த வேண்டும். இன்னொன்றை மாட்டு டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார்: வருஷத்துக்கு ஒருமுறை, இருபத்தைந்து கெஜத்தில், ஆறு அம்பில் ஐந்து ஒரு காகிதத் தட்டுக்குள் விழ வேண்டும், விழாதவருக்கு அந்த வருஷம் அனுமதி கிடையாது.

மார்ச்சில் ரோலி ப்ரோக்மன் வந்தான். வில்லாளர் சங்கத் தலைவன். எண்பது பேர் சங்கத்தில் எண்ணூறு பேருக்குப் பேசுகிற தொண்டை. சமையலறை மேஜையில் உட்கார்ந்ததும் டம்ளர் அதிர்ந்தது. கூட்டத்தில் ஆர்லிஸ் பேச வேண்டும் என்றான். நாய் இருக்கிறது, தேடுகிறோம், வீணாவதில்லை என்று சொன்னால் போதும். அவள் சொன்னால் ஊர் நம்பும்.

"நூத்துக்குத் தொண்ணூறு கெடைச்சுடுதுன்னு சொல்லு."

"தொண்ணூறு இல்ல, ரோலி."

"சரி, எம்பது."

ஆர்லிஸ் காபியைக் கலக்கினாள்.

"எழுவத்தஞ்சு. அதுக்குக் கீழ எறங்கினா நமக்கு அசிங்கம்" என்றான் ரோலி, மாட்டுச் சந்தையில் நிற்பவனைப் போல. அவனே போன வருஷம் இரண்டு தடவை அவளைக் கூப்பிட்டவன், இரண்டும் கிடைக்கவில்லை. அதை அவன் மறந்துவிட்டானா, அல்லது இவள் வாய் திறக்க மாட்டாள் என்ற தெம்பா என்று அவன் முகத்தில் தெரியவில்லை. டெஸ்ட் வைப்பது தடைக்கு முதல் படி, இன்றைக்குத் தட்டு என்பார்கள், நாளைக்கு வில்லே வேண்டாம் என்பார்கள் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். துப்பாக்கிக்காரனை எவனாவது தட்டில் சுடச் சொல்கிறானா? அதுவும் நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு.

அவன் போன பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. பஸ்ஸில் நிறுத்தம் ஒன்றைத் தாண்டிப் போய்ப் பின்னால் வந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வாயைத் திறந்தால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாவிட்டால் கிடைக்கிற பதினேழும் கிடைக்காது. புதரில் கிடக்கும் மானுக்குக் கூட்டத்தில் சொன்ன உண்மையால் என்ன லாபம்? மூடிக்கொண்டிருந்தாலோ, தோளில் அரைக்கிறவர்கள் எல்லோரும் இந்த வருஷமும் பரண் ஏறுவார்கள். அவளும் ஏறுவாள். வில் வேண்டாம் என்று அவளால் நினைக்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமைகள் இல்லாவிட்டால் தான் யாரென்று அவளுக்கே தெரியாது. மிசஸ் லூண்ட் என்று கூப்பிடும் அந்தக் குரல்கள் இல்லாவிட்டாலும் தெரியாது.

கூட்டத்துக்கு முந்தின நாள், மாட்டிறைச்சிக் கேசரோலைத் தட்டில் போட்டுக்கொண்டே வெர்னிடம் சொன்னாள். குளத்தில் கிடந்தது என்னுடையது.

வெர்ன் மென்று முடித்தான். "அன்னைக்கே தெரியும். நீ அம்பு கழுவுனப்போ நாத்தம் கராஜ் பூரா அடிச்சுது."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டேன். ஒண்ணும் வரலன்னே."

திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு உள்ளரங்கில் இருநூறு மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள், போதவில்லை. கோனி அம்மா முதலில் பேசினாள். வார்டில் நோயாளி தூங்கும்போது பேசும் குரல், மைக்கிலும் அதே குரல்தான். யாரையும் திட்டவில்லை. குளத்தின் ஓரத்தில் சேற்றில் குளம்புத் தடம் எத்தனை வட்டம் போட்டிருந்தது என்று சொன்னாள். முப்பத்திரண்டு வருஷம் வயிற்று அறுவை வார்டில் இருந்தவள் தானென்றும், அந்த வலி என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்றும் சொன்னாள். பின்வரிசையில் யாரோ 'மே' என்று கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. அந்தம்மா அது அடங்கும் வரை நின்று, நன்றி சொல்லி உட்கார்ந்தாள்.

ரோலி எழுந்தான். மைக் தேவைப்படவில்லை. "இந்த மாவட்டத்துல காயம்பட்ட மானைப் பத்தி ஒருத்தருக்குத்தான் தெரியும். நம்ம மிசஸ் லூண்ட். அவங்க சொல்லட்டும்."

கைதட்டலுக்கு நடுவில் ஆர்லிஸ் போனாள். ஒருவருக்கு மூன்று நிமிஷம்.

"போன வருஷம் எனக்கு நாப்பத்தொரு போன் வந்துது" என்றாள். "யாருன்னு நான் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. பதினேழு கெடைச்சுது. மிச்சம் கெடைக்கல. அதுல முக்காவாசி, பொறுமையில்லாம உள்ள போனதால போச்சு. கால்வாசி, அடிச்சிருக்கவே கூடாத அடி." அரங்கில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. "குளத்துல கெடந்தது என் மான். என் தோளு சரியில்ல. தெரிஞ்சே இழுத்தேன். அம்பு பச்சையா இருந்துது. நான் ஒரு மணி அஞ்சு நிமிஷந்தான் உக்காந்தேன். உங்க எல்லாரையும் பன்னெண்டு மணி நேரம் உக்கார வச்சவ நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை.

"வில்ல நிறுத்துங்கன்னு நான் ஓட்டுப் போட மாட்டேன். டெஸ்டுக்குப் போடுவேன். அது இருந்திருந்தா எனக்குப் போன வருஷம் அனுமதிச் சீட்டு கெடைச்சிருக்காது. அந்த மானு எங்கயாவது மேஞ்சுக்கிட்டிருக்கும்."

மூன்று நிமிஷத்தில் ஒன்றரை நிமிஷம் மிச்சம் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கோனி அம்மாவைப் பார்த்து, உங்க கதவைத் தட்டியிருக்கணும் என்றாள்.

"தட்டியிருந்தா தெறந்திருப்பேன்" என்றாள் அந்தம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "அன்னைக்குப் பூரா நான் வீட்டுலதான் இருந்தேன். நாயைக் கூட்டிட்டு வந்திருந்தா நானே குளத்துப் பக்கம் வழி காட்டியிருப்பேன். ஒன்பது நாள் அது கெடந்திருக்க வேண்டாம்."

சாக்கெல்லாம் தீர்ந்துபோய் ஆர்லிஸ் மைக்கை விட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

தடைக் கேள்விக்கு முப்பத்தாறு பேர்தான் சரி என்றார்கள். டெஸ்ட் கேள்வி பதினொரு ஓட்டில் தோற்றது. பதினொன்று என்றால் நெருக்கம்தான் என்று மாட்டு டாக்டர் மகிழ்ந்துபோய் எல்லோர் கையையும் குலுக்கினார். ஆர்லிஸின் கையை வேறு யாரும் குலுக்கவில்லை. வாசலில் ரோலி மறித்தான். அவன் சத்தம் போடாமல் பேசி அன்றைக்குத்தான் கேட்டாள்.

"டெஸ்டு வேணுங்கறே. சங்கத் திடலுக்கு ஞாயித்துக்கிழமை வா. எல்லாரும் பாக்க, மொதல்ல நீ அடி."

"வர்றேன்" என்றாள்.

ஞாயிறு, தேவாலயம் முடிந்த கையோடு திடலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஆர்லிஸ் காகிதத் தட்டுக் கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள், எல்லோருக்கும் ஆகட்டுமென்று. வைக்கோல் கட்டில் ஒன்றை ஆணியடித்து, இருபத்தைந்து கெஜம் எண்ணிக் கோட்டில் நின்றாள். தோளுக்கு மாத்திரை போட்டுக்கொள்ளவில்லை. முதல் மூன்றும் தட்டின் நடுவில் நெருக்கமாக விழுந்தன. ஒருவன் விசிலடித்தான். நான்காவது ஓரத்தைக் கிழித்தது. ஐந்தாவதை இழுத்துப் பிடிக்கும்போது கை ஆடுவது தள்ளி நின்றவர்களுக்கே தெரிந்தது. அது வைக்கோலில் போயிற்று. ஆறாவதும் வைக்கோலில்தான்.

"நாலு" என்றாள் ஆர்லிஸ், யாரும் எண்ணுவதற்கு முன்னால். "பெயிலு. இந்த வருஷம் நான் பரண் ஏறல."

அவளைச் சீண்டத் தயாராக வந்தவர்கள் தட்டையே பார்த்தார்கள். அவள் அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு, பழைய தட்டைக் கழற்றிப் புதுத் தட்டை ஆணியில் மாட்டினாள்.

"அடுத்தது யாரு?"

ஒருவனுக்கு மாடு கறக்க வேண்டியிருந்தது. காலை பதினொரு மணிக்கு. ஒருவன் வில்லை வீட்டிலேயே விட்டுவிட்டானாம். அது அவன் தோளில் தொங்கியது. இன்னொருவனுக்கு மாமியார் வருகிறாள் என்று நினைவு வந்தது, அதுவும் முகத்தில் ஒரு சந்தோஷத்தோடு. டிரக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பஸ்ஸில் அவள் பைகளைச் சோதனை போட்ட நாட்களில் பிள்ளைகள் சீட்டுக்கடியில் ஒளிவார்கள். இவர்களுக்கு ஒளியச் சீட்டுக்குக் கீழே இடம் போதாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆர்லிஸ் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தலையசைத்தாள். ஒருவரும் மிசஸ் லூண்ட் என்று சொல்லிக்கொண்டு போகவில்லை.

கடைசியில் ரோலி மட்டும் இருந்தான். டிரக் கதவைத் திறந்தான், மூடினான். வில்லை எடுத்துக்கொண்டு வந்து கோட்டில் நின்றான். வயது அறுபத்தேழு. ஆறு அம்பையும் வேகமாக, இடையில் மூச்சு விடாமல் அடித்தான், சீக்கிரம் முடித்தால் சரியாக விழும் என்பதுபோல. நடந்து போய்ப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். மூன்று ஓட்டை. தட்டில் இருந்த மூன்று அம்பைப் பிடுங்கி, தட்டை ஆணியிலிருந்து கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

பெஞ்சைத் தாண்டும்போது நின்றான்.

"நீ இதைப் பாக்கல, ஆர்லிஸ்."

இருபத்துநான்கு மானுக்கும் அவள் பார்க்காதவளாகத்தான் இருந்தாள். இப்போது தலையசைத்தால் போதும். செப்டம்பரில் முதல் போன் அவனிடமிருந்தே வரும், மற்றவர்களையும் அவனே கூப்பிட வைப்பான். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ரோலியின் கண் கலங்கியிருந்ததும் தெரிந்தது. மனைவி போன பிறகு அந்தப் பரணைத் தவிர அவனுக்கு வேறு போக்கிடமில்லை என்பதும் தெரிந்ததுதான்.

"பாத்தேன், ரோலி" என்றாள்.

அவன் டிரக்கில் ஏறினான். சாவியைப் போட்டான், திருப்பவில்லை. ஆர்லிஸ் எழுந்து வைக்கோல் கட்டுக்குப் போய், அவன் பிடுங்காமல் விட்டுப்போன மூன்று அம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள்.